ஓய்ந்த கால்கள் – 14: மூன்றாவது பெயர்

சென்ற வாரம் ஜோ ஃபல்க்ஸ் என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரரை நடுவழியில் நிறுத்திவிட்டு வந்தோம். 1949-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 63 புள்ளிகள் எடுத்து, அதன்பின் பத்து வருஷங்களுக்கு எவரும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். என்.பி.ஏ. என்று வழங்கும் அந்நாட்டுத் தொழில்முறைச் சங்கம் தன் வெள்ளிவிழாவை ஒட்டி, ஆட்டத்தை விட்டு ஓய்ந்தவர்களை மாத்திரமே கணக்கில் எடுப்பது என்று தனக்குத்தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, சர்வகாலச் சிறப்புடையவர்கள் என்று 1971-இல் பத்துப் பேரைப் பொறுக்கியபோது, பாப் பெட்டிட், டால்ஃப் ஷேய்ஸ், பால் அரிசின் ஆகிய மூவருக்கும் பக்கத்தில் நான்காவது முன்வரிசைக்காரராக ஃபல்க்ஸுக்கும் ஓர் ஆசனம் போட்டது.

அதே சங்கம் 1996-இல் அந்த ஜாபிதாவை ஐம்பது பேராக விரித்தது. இடம் ஐந்து மடங்கு பெருகியது. ஃபல்க்ஸின் பெயரைக் காணோம். அவர் இறந்தே அப்போது இருபது வருஷங்கள் ஆகியிருந்தன. ஆகவே, இடைக்காலத்தில் அவர் ஆட்டம் சீர்கெட்டுப் போயிற்று என்று சொல்லவும் வழியில்லை.

பத்தில் ஒருவராக இருந்தவர் ஐம்பதில் ஒருவராக இல்லாமற்போன அந்த விந்தையைப் பற்றி யோசித்துக்கொண்டே இந்த வாரம் நம் தேசத்துக்குத் திரும்புவோம். கையால் ஆடும் பந்திலிருந்து காலால் ஆடும் பந்துக்கு வருகிறோம் என்பதைத் தவிர வழக்கு ஒன்றுதான். வாதிகள் மூவர், மூவரும் காலமாகிவிட்டார்கள், தீர்ப்பு இன்னும் ஆகவில்லை.

* * *

எங்கள் பிள்ளைச்சாவடியில், கடற்கரை என்று சொல்லத் தக்க மணல் இப்போது அதிகமில்லை. கடல் வருஷந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து தென்னையையும் திண்ணையையும் பெயர்த்துக்கொண்டு போக, கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் கட்டியதில் எஞ்சிய துண்டு நிலத்தில்தான் படகு ஏறுவதும், வலை காய்வதும், மாலையில் பையன்கள் பந்தாடுவதும்.

சில நாட்களுக்கு முன், வெயில் தாழ்ந்த நேரத்தில், கவிழ்த்து வைத்திருந்த படகின் நிழலில் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவுக்குக் கம்பு இரண்டை நட்டு ஒரு கோல். எதிர்ப்புறம் செருப்புகளைக் குவித்து இன்னொரு கோல். ஆட்டம் தொடங்குமுன் அணி பிரிப்பதில் ஒரு விவகாரம் எழுந்தது. இரண்டு காலும் ஒன்றுபோல் வரும் ஒல்லியான பையன் ஒருவன் நடுவில் நிற்க, தலைவனாகத் தன்னை நியமித்துக்கொண்டவன் அவனைக் கையமர்த்தினான்.

“மச்சான், நீ ஓரமாப் போடா. நீ எங்க நின்னாலும் ஆடிருவ. இவன நடுவுல விட்டாத்தான் இவனுக்கு ஆட்டம் வரும்.”

ஒல்லிப் பையன் ஒன்றும் பேசவில்லை. இடப்புறம், அலை வந்து கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போகும் ஈர மணலுக்கு நகர்ந்தான். அங்கே பந்து சரியாக உருளாது. அலை இழுத்தால் பந்தை எடுக்க நீரில் இறங்குவதும் அவன் பொறுப்பே. பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பாத்தீங்களா ஐயா, நல்லா ஆடறவனக் கடலுக்குத் தள்ளிட்டானுவ” என்றார்.

அந்தப் பையனைப் பார்த்த மாத்திரத்தில் என் நினைவுக்கு வந்தவர் துளசிதாஸ் பலராம்.

* * *

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று 1951 முதல் 1962 வரையுள்ள பன்னிரண்டு வருஷங்களைச் சொல்வது வழக்கம். முதல் ஆசிய விளையாட்டில், புதுதில்லியில், ஈரானை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்று தங்கம் பெற்றதில் தொடங்கி, ஜகார்த்தாவில் பெற்ற இரண்டாவது தங்கத்தோடு அது முடிகிறது. அந்தக் காலத்தின் பிற்பகுதியில் முன்வரிசையில் ஆடிய மூன்று பேரைக் கிழவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள்: சுனி, பி.கே., பலராம். சிலர் பி.கே.யை முதலில் வைப்பார்கள், சிலர் சுனியை. பலராம் என்ற பெயரோ எப்படிச் சொன்னாலும் மூன்றாவதாகவே வந்து நிற்கும்.

பிரதீப்குமார் பானர்ஜி ஜல்பைகுரியில் 1936-இல் பிறந்தவர். ஆட்டம் கற்றது ஜம்ஷெட்பூரில். கல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெரும் சங்கங்கள் எதிலும் சேராமல், கிழக்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அந்த ரயில்வே அணிக்காக ஆடி, 1958-இல் கல்கத்தா லீகை அந்த அணிக்கு வாங்கித் தந்தவர். வலது ஓரம் அவருடைய ராஜ்யம். ஓட்டத்தின் வேகம் குறையாமலே வலது காலால் அடிக்கும் அந்த அடி, கோல்காப்பவர் கையை நீட்டுவதற்குள் வலையில் விழுந்திருக்கும் என்பார்கள்.

சுனி கோஸ்வாமி கிஷோர்கஞ்சில் 1938-இல் பிறந்தவர். சிறுவனாக மோகன் பகானில் சேர்ந்து, 1968-இல் கால்பந்தை விடும்வரை வேறு சங்கத்தின் சட்டையை அணியாதவர். ‘இன்சைடு லெப்ட்’ என்னும் இடத்தில், காலோடு பந்தை ஒட்டவைத்துக்கொண்டதுபோல், எதிரிகள் இருவர் மூவர் நடுவே நெளிந்து வளைந்து போகும் அந்த அழகைக் கண்டவர்கள், ஆட்டத்தின் முடிவை மறந்தாலும் அந்த நடையை மறக்கமாட்டார்கள். பார்ப்பதற்கு இன்பமானவர் யார் என்று மட்டும் கேட்டால் இந்த வழக்கை இன்றே முடித்துவிடலாம், எழுந்து போய்விடலாம்.

பலராம் இந்த இருவரையும்போல் வங்காளி அல்லர். செகந்திராபாத் ராணுவக் குடியிருப்புக்கு அருகிலுள்ள அம்முகூடா என்னும் சிற்றூரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. அவரைக் கண்டெடுத்தவர் ஹைதராபாத்தின் ஸையத் அப்துல் ரஹீம். ஊரிலிருந்து தினமும் நகரத்துக்கு வந்து பழக வசதியில்லாத பையனுக்கு வாடகைச் சைக்கிளுக்கு ரஹீம் காசு கொடுத்தார் என்பது அப்பக்கத்தில் வழங்கும் கதை. பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய ரஹீம், பந்தைவிடப் பையன்களை நன்றாக அறிந்தவர் என்பதால், கதை கதையாகவே இருந்தாலும் நம்பத் தகாததல்ல.

ஹைதராபாத்துக்காக சந்தோஷ் கோப்பை வென்று, மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போய்வந்து, 1957-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார் பலராம். முன்வரிசையில் அன்று ஐந்து இடங்கள். அந்த ஐந்திலும் ஆடத் தெரிந்தவர் என்பதே அவருக்கு வாய்த்த பெருமை. அதுவே அவருக்கு வாய்த்த வினையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

1960, ஆகஸ்ட் 26. இத்தாலியின் லாக்விலா நகரம், ரோம் ஒலிம்பிக்.

எதிரில் ஹங்கேரி. அந்த அணியில் ஆடிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் என்னும் இளைஞர், ஏழு வருஷங்களுக்குப் பின் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பொற்பந்து பெறப் போகிறவர். அன்று ஹங்கேரி இரண்டு கோல் முன்னே இருந்தது. பத்து நிமிஷத்துக்குச் சற்று மேலே நேரம் மிச்சமிருக்கையில் பலராம் ஒன்றைத் திருப்பி அடித்தார். ஆட்டம் 2–1 என்று முடிந்தது. தோல்விதான். ஆனால் அதே ஹங்கேரி அடுத்த இரண்டு ஆட்டங்களில் பெருவுக்கு ஆறும் பிரான்ஸுக்கு ஏழும் அடித்ததைப் பின்னால் பார்த்தவர்களுக்கு, அந்தத் தோல்வியின் எடை விளங்கியது.

மூன்று நாள் கழித்து, க்ரோஸ்ஸேட்டோ நகரத்தில், பிரான்ஸ்.

இவ்விடத்தில் புதுச்சேரிக்காரன் ஒருவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதென்றும் எட்டுப் பேர் வேண்டாமென்றும் சொல்லி, நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறிவிட்டது என்றாலும், 1956 மே மாதத்தில் கையெழுத்தான உடன்படிக்கையைப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அங்கீகரிக்காமல் வருஷக்கணக்கில் வைத்திருந்த காரணத்தால், 1960 ஆகஸ்ட் 29 அன்று, சட்டத்தின் கண்ணுக்கு, இந்த மண் இன்னும் பிரான்ஸினுடையது. அஞ்சல் தலை இந்தியாவினுடையது, கொடி இந்தியாவினுடையது, பத்திரம் மாத்திரம் பாரிஸில். ஆகவே, இந்தியாவும் பிரான்ஸும் ஒரு பந்தின் இருபுறமும் நின்ற அந்த மாலையில், நாங்கள் எந்தக் கரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது என்பது வேடிக்கையான கேள்வி மட்டுமல்ல.

நகரத்தில் என் உறவினர் வீட்டுக்கு அடுத்த வீட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த ‘சொல்தா’ ஒருவர் இருந்தார். ‘இப்ப நாம யாருக்குக் கைதட்டணும் தம்பி?’ என்று அவர் கேட்டதாக எங்கள் குடும்பத்தில் நெடுநாள் ஒரு சிரிப்புக் கதை உண்டு.

ஆட்டம் அந்தக் கிழவருக்குச் சாதகமாகவே நடந்தது. 71-ஆவது நிமிஷத்தில், அணித்தலைவரான பி.கே. பானர்ஜி, இந்தியாவுக்கு ஒரு கோல் போட்டார். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்தியா ஒலிம்பிக் களத்தில் வெல்லப்போகிறது என்னும் நிலை பதினொரு நிமிஷம் நீடித்தது. 82-ஆவது நிமிஷத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. 1–1.

அதன்பின் பெருவிடம் தோற்று இந்தியா வீடு திரும்பியது. இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தின் பிரதான சுற்றுக்கு இந்தியா மீண்டும் போகவில்லை. ஆகையால் அந்த ஒலிம்பிக்கை நினைக்கும்போதெல்லாம் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பி.கே.யின் கோல். லாக்விலாவில் ஹங்கேரிக்கு எதிராக விழுந்த கோல் தோல்வியில் விழுந்த கோல். க்ரோஸ்ஸேட்டோவில் விழுந்ததோ மானம் காத்த கோல். எதிரியின் தரத்தை வைத்து எடை போட்டால் முன்னதே கனமானது என்பது என் அபிப்பிராயம். தராசை அப்படிப் பிடிப்பவர் குறைவு.

* * *

இனி ஜகார்த்தா. இங்கே கொஞ்சம் மெதுவாக நடப்போம்.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியின் பத்திரம் ஒருவழியாக டில்லிக்கு வந்து சேர்ந்தது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு தொடங்கியது. சட்டப்படியும் இந்தியர்களாகிவிட்ட எங்களுக்கு, நாங்களும் முழு உரிமையோடு கைதட்டத் தக்க முதல் பெரும் போட்டி அது.

இந்தோனேசிய அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்திருந்தது. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைப்பது முறையன்று என்று வாதித்தவர், ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினரான ஜி.டி. சோந்தி. நியாயம் அவர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நியாயத்துக்கான விலையைச் செலுத்த வேண்டியவர்கள் மைதானத்தில் இருந்த பையன்கள். ஊர் முழுதும் இந்தியாவின் மீது கோபம் மூண்டது. இறுதியாட்டத்துக்கு முந்திய நாள் ஒரு கும்பல் இந்தியத் தூதரகத்தையே தாக்கியது. அணியின் பேருந்திலிருந்து இந்தியக் கொடியை எடுத்துவிட்டு, தலைப்பாகை வெளியே தெரியாதபடி ஆட்டக்காரர்கள் குனிந்து உட்கார்ந்து போனார்கள் என்று உடனிருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஆட்டத்தின் தொடக்கமும் நன்றாயில்லை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று வென்றார்கள். வென்ற அந்த ஆட்டத்திலேயே, தற்காப்பின் நடுத்தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போடவேண்டி வந்தது. ஜப்பானை 2–0 என்று வென்றார்கள். தங்கத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் இன்னும் இரண்டே ஆட்டங்கள் இருந்தன.

இங்கேதான், இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ரஹீம் அந்தக் காரியத்தைச் செய்தார்.

காயம்பட்ட ஒருவனை உட்கார வைப்பதுதான் உலக வழக்கம். ரஹீம், தலையில் கட்டோடிருந்த அந்தத் தற்காப்பு வீரனை எழுப்பி, எதிரியின் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதாவது, முன்வரிசையின் நடு ஸ்தானத்தை, முன்வரிசைக்காரர் அல்லாத ஒருவருக்குக் கொடுத்தார். ஜர்னைல் விட்டுவந்த ‘ஸ்டாப்பர்’ இடத்தில் அருண் கோஷ்.

ஏன் என்று அவர் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. நாம் அனுமானிக்கத்தான் வேண்டும். நெட்டையாகவும் முரடாகவும் மோதி ஆடும் எதிரணிகளின் தற்காப்பைக் கலைக்க, அவர்களுக்குச் சமமான உடற்கட்டுள்ள ஒருவன் நடுவில் தேவை என்று அவர் கண்டிருக்க வேண்டும். தலையால் பந்தை வெளியே தள்ளித் தள்ளிப் பழகியவனுக்கு உள்ளே தள்ளுவதும் வருமென்று நினைத்திருக்கலாம். எப்படியோ, அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என்று வென்றபோது, இரண்டு கோல் அணித்தலைவர் சுனியுடையது, ஒன்று ஜர்னைலுடையது.

அந்த ஏற்பாட்டில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். வலது ஓரத்தில் பி.கே.; அது அவருடைய இடம். இடது உட்புறத்தில் சுனி. அது அவருடைய இடம். நடுவில் ஜர்னைல். நடுவிலும் ஆடத் தெரிந்த, ஈஸ்ட் பெங்காலுக்குக் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த பலராம், இடது ஓரத்தில், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி.

அவரை எங்கே நிறுத்தினாலும் ஆடுவார்.

* * *

செப்டம்பர் 4. சேனயான் மைதானம். ரஷ்யர்களின் உதவியோடு அந்த விளையாட்டுக்கென்றே கட்டப்பட்ட பிரம்மாண்டமான அரங்கத்தில், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஒரு லட்சம் பேரும் எதிரியின் பக்கம். எதிரி, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே கொரியா. இந்திய கீதம் ஒலித்தபோது எழுந்த கூச்சலில் கீதம் கேட்கவில்லை.

முந்திய இரவு ரஹீம் பையன்களை உலாவ அழைத்துப் போய், நாளை நீங்கள் எனக்கு ஒரு பரிசு தரவேண்டும் என்று கேட்டாராம். அவர் உடம்புக்குள் அப்போதே புற்றுநோய் குடிபுகுந்திருந்தது.

கோலில் பீட்டர் தங்கராஜ் நின்றார். உடல்நலக் குறைவால் இடையில் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, இறுதியாட்டத்துக்கென்று திரும்பி வந்த அந்த நெடிய மனிதரின் கைகள் நம் தமிழ்ப் பெயருக்குரியவை என்பதில், வரலாற்றுக்காரனுக்கும் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

17-ஆவது நிமிஷம். பி.கே. அடித்தார். 1–0.

20-ஆவது நிமிஷம். தலைக்கட்டோடிருந்த ஜர்னைல் அடித்தார். 2–0.

இருபது நிமிஷத்தில் கூச்சல் அடங்கிவிட்டது. மீதி எழுபது நிமிஷமும் காவல்தான். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் கொரியா ஒன்றைத் திருப்பியது; அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை. இந்தியாவுக்குத் தங்கம்.

இப்போது கணக்குப் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொன்னால் அவர் இப்படி எழுதுவார்: அந்தப் போட்டியில் இந்தியா அடித்த கோல்கள் 11. அவற்றில் பி.கே. 4, சுனி 3, பலராம் 2, ஜர்னைல் 2. மூவரில் மூன்றாமவர் பலராம். ஒரு தற்காப்பு வீரரோடு சமம். கணக்கில் பிழையில்லை.

பிழை கணக்கு கேட்ட விதத்தில் இருக்கிறது. பி.கே.யும் சுனியும் தங்கள் தங்கள் இடத்திலேயே ஆட முடிந்ததும், ஜர்னைலை நடுவில் நிறுத்தும் துணிவு ரஹீமுக்கு வந்ததும், இடத்தைப் பற்றி வாய்திறக்காமல் எந்த ஓட்டையையும் அடைக்கத் தயாராயிருந்த ஒருவர் அந்த ஐவரில் இருந்தமையால்தான். நான்கு தூண்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்திவிடலாம். ஐந்தாவது தூணை எங்கே நிறுத்துவது என்பதைக் கட்டடம்தான் தீர்மானிக்கும். அந்த ஐந்தாவது தூணுக்கு மதிப்பெண் போடும் பத்தி எந்த ஜாபிதாவிலும் இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. இடம் மாறி ஆடுபவன் எந்த இடத்திலும் முதல்வன் ஆகாதவன் என்று ஒருவர் சொல்லலாம். பலராம் விஷயத்தில் அது செல்லாது. 1961-இல் ஈஸ்ட் பெங்காலின் தலைவராக இருந்து, கல்கத்தா லீகை வென்று, அந்த லீகின் அதிக கோல் அடித்தவராகவும் விளங்கியவர் அவர். தன் இஷ்டப்படி நிற்க இடம் கிடைத்த பருவத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

* * *

ஜகார்த்தாவுக்குப் பிறகு நடந்தவை சீக்கிரம் நடந்தன.

1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். அதே வருஷத்தில், பி.என்.ஆர். என்னும் ரயில்வே அணிக்கு மாறியிருந்த பலராமுக்கு நுரையீரல் உறையில் நோய் கண்டு, இருபத்தேழு வயதில், பந்தை விடவேண்டி வந்தது. மற்றவர்களுக்கு ஆட்டம் பழுக்கும் வயது அது. வாழ்வின் மீதியை ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில், மணம் செய்துகொள்ளாமல், பெரும்பாலும் தனிமையில் கழித்தார்.

சுனி 1964-இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவை இரண்டாம் இடத்துக்கு நடத்திச் சென்றார். பிறகு, ஒரு ஆட்டத்தில் வாங்கிய கீர்த்தி போதாதென்று கிரிக்கெட்டுக்குப் போய், 1966-இல் கேரி சோபர்ஸ் தலைமையில் வந்திருந்த மேற்கிந்தியத் தீவு அணியை இந்தூரில் எட்டு விக்கெட் எடுத்து வீழ்த்த உதவினார். 1972-இல் வங்காளத்தை ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டம் வரை தலைமை தாங்கிக் கொண்டுபோனார். ஒரு மனிதனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

பி.கே. பயிற்சியாளரானார். 1970-இல் பாங்காக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த வெண்கலத்தில் அவருக்குப் பங்குண்டு. 1977-இல் பெலே தம்முடைய காஸ்மாஸ் அணியோடு கல்கத்தாவுக்கு வந்தபோது, அவர்களை 2–2 என்று சமன்செய்த மோகன் பகானின் பயிற்சியாளர் அவர். வாய்நிறையப் பேசுபவர், கதை சொல்வதில் மன்னர். பழைய ஆட்டங்களைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர்கள் பலரும் அவர் சொன்னதைக் கேட்டு எழுதியவர்களே.

ஓய்ந்தவர்களை ஒப்பிடும்போது நாம் கவனிக்கத் தவறும் சங்கதி இதுதான். கால் ஓய்ந்தபின் வாய் ஓயாமல் இருப்பவரும், பெயர் பத்திரிகையில் வந்துகொண்டே இருப்பவரும், தங்கள் பழைய ஆட்டத்தை வருஷா வருஷம் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உத்தரபாராவில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அந்த மறு ஆட்டம் இல்லை. அர்ஜுனா விருது மூவருக்கும் கிடைத்தது: பி.கே.க்கு 1961-இல், பலராமுக்கு 1962-இல், சுனிக்கு 1963-இல். அப்போது மூவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் பலராம் நடுவில் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். பத்மஸ்ரீ சுனிக்கு 1983-இல் வந்தது, பி.கே.க்கு 1990-இல் வந்தது. பலராமுக்கு வரவில்லை.

வங்காளிகள் வங்காளிகளைத் தூக்கி வைத்தார்கள் என்று ஒரே சொல்லில் வழக்கை முடிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஹைதராபாத்துப் பையனை வாரியணைத்துத் தன் பெரும் சங்கம் ஒன்றின் தலைமையையே கொடுத்த ஊர் கல்கத்தா. இங்கே பாரபட்சம் ஊரினுடையதல்ல, ஞாபகத்தினுடையது.

சரி, நீ யாரை முதலில் வைப்பாய் என்று கேட்பீர்கள். இத்தனை பக்கம் எழுதிவிட்டு நழுவுவது அழகல்ல. கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வேண்டுமென்றால் பி.கே.யிடம் பந்தைக் கொடுப்பேன். காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் பார்ப்பதென்றால் சுனியின் பக்கமாக உட்காருவேன். பதினோரு பேரை நானே பொறுக்கவேண்டிய நிலை வந்தால், முதலில் எழுதும் பெயர் பலராம். ஏனென்றால், அந்தப் பெயரை எழுதிவிட்டால் மற்றப் பத்துப் பேரையும் அவரவர் இடத்திலேயே விட்டுவிடலாம். ஐந்து வருஷம் மட்டும் உச்சத்தில் ஆடியவரைப் பதினைந்து வருஷம் ஆடியவருக்கு மேல் வைப்பதா என்று நீங்கள் கோபிக்கலாம். கோபித்துக்கொள்ளுங்கள்.

பி.கே. 2020 மார்ச் 20 அன்று போனார். நாற்பத்தொரு நாளில், ஏப்ரல் 30 அன்று, சுனியும் போனார். மூன்றாவது பெயர் மட்டும் தனியாக, மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைய இருந்துவிட்டு, 2023 பிப்ரவரி 16 அன்று மறைந்தது.

* * *

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டதாக எண்ணி, மெல்போர்ன் ஒலிம்பிக்கின் பழைய விவரங்களைத் தேதி சரிபார்ப்பதற்காக எடுத்துப் புரட்டினேன். அங்கே ஒரு பெயர் என்னை மறித்துக்கொண்டு நின்றது.

1956 டிசம்பர் 1. இந்தியா ஆஸ்திரேலியாவை, அதன் சொந்த மண்ணில், 4–2 என்று வென்று அரையிறுதிக்குப் போன நாள். அன்று விழுந்த நான்கில் மூன்று கோல்கள் ஒரே மனிதருடைய கால்களிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தவை. ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ‘ஹாட்ரிக்’ அடித்தது அதுவே முதல் தடவை. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவை முதலில் முன்னே கொண்டுபோனவரும் அவரே. தோற்ற அந்த ஆட்டத்தையும் சேர்த்து நான்கு கோல். அந்த ஒலிம்பிக்கில் அதற்கு மேல் அடித்தவர் ஒருவருமில்லை.

பி.கே.யும் பலராமும் அந்த அணியில் இருந்தார்கள். ஆனால் கோல்கள் அவர்களுடையவை அல்ல. அவை நெவில் டிசூஸா என்னும் பம்பாய்க்காரருடையவை.

மூன்றாவது பெயருக்காக இவ்வளவு வாதாடிய நான், நான்காவதாக ஒரு பெயர் உண்டென்பதையே மறந்திருந்தேன். ஒலிம்பிக்கில் உலகத்துக்குச் சமமாகக் கோலடித்த ஒரே இந்தியரை, கிழவர்கள் ஒரே மூச்சில் சொல்லும் அந்த மூன்று பெயர்களோடு சேர்க்காமல் விட்டது யார்?

(அடுத்த வாரம்)